டீச்சர் கேட்ட கதவு

காளிராஜுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. போனில் பேசி முடிக்கிற விஷயமாக இருந்திருந்தால் பேசியிருப்பேன். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் கோபப்படுவேன். தாளில் எழுதினால் நீ கடைசிவரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ சொன்னதை இரண்டு மூன்று நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகிறது, மாரீஸ்வரி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்து தூங்கிப்போகிறாள், லீவு நாளிலும் நோட்டுக் கட்டை விரித்து உட்கார்ந்துவிடுகிறாள், சினிமாவுக்குக் கூப்பிட்டால் தலைவலி என்கிறாள் என்றாய். உன் சம்பளமே இரண்டு பேருக்கும் போதும், அவள் வேலையை விட்டுவிடட்டும், நீ சொன்னால் சண்டையாகும், நான் சொன்னால் கேட்டுக்கொள்வாள் என்றாய். நானும் பெரிய மனிதன் மாதிரி, "சரிலே, பாப்போம்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அப்படிச் சொன்னது தப்பு. அப்போதே உன்னிடம் ஒரு கதையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்குக் காரணம், அந்தக் கதையில் உன் அப்பன் ஊர் முன்னால் அசடு வழிந்து நிற்பான். எட்டு வருஷமாக உனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். உன் தங்கச்சி செல்விக்குத் தெரியும்; வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன்.

நீ அப்போது கோயம்புத்தூரில் டிப்ளமோ முதல் வருஷம். செல்வி நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. நான் அப்போதும் சிவகாசி காலண்டர் கம்பெனியில் புரூஃப் பார்க்கிற வேலைதான். எழுதப் படிக்கத் தெரிந்த ஆள், பிழை பொறுக்காத ஆள் என்று ஊரில் எனக்கு ஒரு பேர். அந்தப் பேருக்காகவே என்னைப் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவராகப் போட்டார்கள். தலைவர் என்றால் சுதந்திர தினத்துக்கு முன்வரிசையில் உட்கார்ந்து மிட்டாய் வாங்கிக்கொள்வது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஐந்து வாத்தியார் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். புதிதாக யார் வந்தாலும் ஆறு மாதத்தில் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நம்ம ஊருக்கு ராசியில்லை என்று பேசிக்கொள்வோம். அந்த மூன்று பேரில் ஒருவர்தான் ஜெபமணி டீச்சர். சாத்தூரிலிருந்து வருவார். சிவகாசியில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். நாலாவதையும் ஐந்தாவதையும் ஒரே அறையில் வைத்துச் சேர்த்து நடத்துவார்.

அவர்மீது ஊரில் ஒரு புகார் இருந்தது. காலையில் பிரேயர் முடிந்த பிறகுதான் வருகிறார். அது போதாதென்று, பதினோரு மணிக்கு வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குள் நடந்து போகிறார், திரும்பி வர அரைமணி நேரம் ஆகிறது. யாரோ வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்க்கிறார் என்றார்கள். யார் வீட்டில் என்று கேட்டேன். எல்லோரும் ஒரு மாதிரியாகச் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு அப்போது உறைக்கவில்லை. ஒருநாள் அவர் இல்லாத நேரத்தில் ஒரு பையன் ஜன்னலில் ஏறி விழுந்து நெற்றியில் மூன்று தையல். அவ்வளவுதான், தலைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து கல்வி அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினேன். மூன்று தரம் படித்துத் திருத்தினேன். ஒரு ஒற்றுப் பிழை கிடையாது. ஊரில் நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கினேன். உன் அம்மாவிடம் மட்டும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. சீசன் நேரம், அவள் பட்டாசுக் கம்பெனி வேனுக்கு விடியற்காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். அது ஒரு சாக்கு. உண்மையில், அவளிடம் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்து விசாரணைக்கு அதிகாரி வந்தார். பள்ளிக்கூட வராந்தாவில் மேஜை போட்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் ஹெட்மாஸ்டர், எதிரே ஜெபமணி டீச்சர் நின்றுகொண்டு, இந்தப் பக்கம் நானும் கையெழுத்துப் போட்ட ஆண்களும். நான் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தேன். அதிகாரி மனுவை வாசித்துவிட்டு, தினமும் பதினோரு மணிக்கு எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாவது தரம் கேட்டார். டீச்சரின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது, பதில் மட்டும் வரவில்லை. ஹெட்மாஸ்டர் கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை, காளி. ஒரு மனுஷி வாய் திறக்க முடியாமல் நிற்கிறாள், நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

அப்போது கேட்டைத் தள்ளிக்கொண்டு உன் அம்மா வந்தாள். காலையில் செல்வி விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். இவள் போர்மேனிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, கையில் அப்பியிருந்த வெள்ளைப் பவுடரைக்கூடக் கழுவாமல், கிடைத்த லோடு ஆட்டோவில் ஏறி வந்திருக்கிறாள். நேரே அதிகாரி மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அய்யா, டீச்சர் போறது எங்க வீட்டுக்குத்தேன். சாவி அவுககிட்டத்தேன் இருக்கு, நாந்தேன் குடுத்தேன். எதுக்குன்னு நீங்க கேக்கீக, அவுக எப்படி ஆம்பளைக மத்தியில சொல்லுவாக? இந்தப் பள்ளிக்கூடத்துல பொம்பள ஒதுங்க ஒரு எடம் கெடையாது. எங்க பட்டாசுக் கம்பெனில கூடப் பொம்பளைகளுக்குன்னு தனியா கட்டி, கதவு போட்டு வச்சிருக்காக."

 எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. நம்ம தெருவில் கக்கூஸ் இருந்த வீடு மூன்றுதான். அதில் நம்முடையதைக் கட்டி முடித்தபோது ஊரெல்லாம் பெருமையடித்தவன் நான். டீச்சர் போன வீடு தலைவர் வீடு. அதை நினைத்துத்தான் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். பிறகுதான் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நேத்து வரைக்கும் அவுக காலையில ஒரு மொடக்குத் தண்ணி குடிக்காமத்தேன் பஸ் ஏறுறாக. போன வருசம் நீர்க்கடுப்புல ஆசுபத்திரில கெடந்தாக. இதையும் மனுவுல எழுதிருக்கீகளா?"

மத்தியான இடைவேளையில் போகலாமே என்று கூட்டத்தில் ஒருவன் முணுமுணுத்தான். அதற்கு டீச்சரே பதில் சொன்னார். அந்த நேரத்தில் சத்துணவு வரிசையில் நின்று எண்பது பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு முடிக்க வேண்டும், அதற்குள் மணி அடித்துவிடும், அவரே நின்றபடிதான் சாப்பிடுகிறார் என்று மெதுவாகச் சொன்னார். அதிகாரி பேனாவை மூடினார். ஹெட்மாஸ்டரைப் பார்த்து நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். ஹெட்மாஸ்டர் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த கரிசல் காட்டைக் கண்ணாலேயே காட்டினார். அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். மனுவை என் கையில் திருப்பிக் கொடுத்து, "இத வாபஸ் வாங்கிட்டு வேற ஒண்ணு எழுதுங்க. எதப்பத்தி எழுதணும்னு இப்பத் தெரியும்ல" என்றார்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் போய் டீச்சர் முன்னால் நின்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே பேச்சைத் தொடங்கினார். "சார், பிள்ளைக அரைமணி நேரம் ஆளில்லாம இருந்தது நெசந்தான். அந்தப் பையன் நெத்தியப் பாத்துட்டு நானும் ரெண்டு நாளு தூங்கல. எனக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம். ஒரு கதவு போட்டுக் குடுங்க. உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கணும். அது போதும்" என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். வீட்டில் உன் அம்மா மூன்று நாளைக்கு எனக்கு ரசம் மட்டும்தான் ஊற்றினாள். நானும் வாயைத் திறக்காமல் குடித்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பாகத்தான் வரும். பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளைகள் படிக்கிற கொத்தனார் ஒருவர், இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் கட்டித் தருவதாக ஏற்றுக்கொண்டார். பஞ்சாயத்திலிருந்து தண்ணீர்க் குழாய் இழுத்துக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்ட நாற்பது பேரையும் மண் சுமக்க வரச் சொன்னேன். வெட்கத்திலேயே முப்பது பேர் வந்தார்கள். ஆண்கள் எல்லாம் கூடி நின்று சுவர் உயரம், ஓடா ஷீட்டா என்று விவாதம் பண்ணிக்கொண்டிருந்தோம். உன் அம்மா வந்து உள்ளே நுழைந்து பார்த்துவிட்டு, பையைத் தொங்கவிட ஆணி எங்கே, வாளி வைக்க மேடை எங்கே, குப்பை போட மூடி வைத்த கூடை எங்கே, சின்னப் பிள்ளைக்கு எட்டுகிற மாதிரி தாழ்ப்பாள் எங்கே என்று கேட்டாள். எங்களில் ஒருவனுக்கும் அது தோன்றியிருக்கவில்லை. கடைசியில் கொத்தனார், இனிமேல் ஆம்பளைகள் யாரும் யோசனை சொல்ல வேண்டாம், அக்கா சொல்கிறபடி கட்டுகிறேன் என்று அறிவித்துவிட்டார். டீச்சர்மாருக்கு ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு இரண்டு. திறப்பு விழா என்று எதுவும் வைக்கவில்லை. கக்கூஸுக்கு எப்படி ரிப்பன் வெட்டுவது என்று கூச்சமாக இருந்தது.

பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் நேரம் சத்துணவு வரிசையில் நிற்க ஊர்ப் பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள். விறகும் உடைந்த பெஞ்சும் அடைந்து கிடந்த ஒரு சிறிய அறையைக் காலி பண்ணி, வெள்ளையடித்து, மேஜையும் மூன்று நாற்காலியும் போட்டு, ஒரு மின்விசிறி மாட்டினோம். முதல்நாள் ஜெபமணி டீச்சர் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டதைப் பற்றி உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: பதினோரு வருஷ சர்வீஸில் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான் முதல்தரமாம். அந்த மேஜை வந்த பிறகு நோட்டு திருத்துவதும் அங்கேயே முடிந்தது, சாத்தூருக்கு நோட்டுச் சுமை தூக்கிப் போகவில்லை. பஸ் விஷயத்தில்தான் நான் பாதி தோற்றேன். பஸ்ஸை அரைமணி நேரம் முன்னால் விடச் சொல்லி டெப்போவுக்கு நான்கு தரம் நடந்தேன். பதினைந்து நிமிஷம்தான் கொடுத்தார்கள். மீதிக்கு ஹெட்மாஸ்டர் பிரேயரைக் கொஞ்சம் தள்ளி வைத்துச் சரிக்கட்டினார்.

மூன்றாவது வருஷம் டீச்சருக்குச் சாத்தூரிலேயே, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாறுதல் கிடைத்தது. ஊரே கூடி, அதைத் தடுத்து நிறுத்த ஒரு மனு எழுதித் தரச் சொல்லி என் வீட்டு வாசலில் நின்றது. செல்வி அழுதாள். எனக்கும் அவரை அனுப்ப மனசில்லை. ஆனாலும் அந்த மனுவை நான் எழுதவில்லை. அவரிடம் நாம் வாங்கியது போதும், இனி அவர் காலையில் தன் பிள்ளைக்குத் தலை வாரிவிட்டு வேலைக்குப் போகட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சில பேர் என்னோடு கொஞ்சநாள் பேசவில்லை. அவர் இடத்துக்குத் திருநெல்வேலிப் பக்கமிருந்து ஒரு சின்னப் பெண் வந்தது. வந்த அன்று பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அந்த அறையில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தது. ஆறு மாதத்தில் போய்விடும் என்றுதான் நினைத்தோம். இன்னும் இருக்கிறது. ஐந்து இடமும் இப்போது நிரம்பியிருக்கிறது. ஊருக்கு ராசியில்லை என்று இப்போது யாரும் சொல்வதில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ போனில் சொன்னதை அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தேன். வேலையை விடுவதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. "தலவலின்னாளா? பகல்ல தண்ணி குடிக்காளான்னு கேளுங்க" என்றாள்.  உடனே மாரீஸ்வரிக்குப் போன் போட்டு, ஒருநாள் உன் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வரட்டுமா தாயி என்று கேட்டேன். அவள் கொஞ்சம் பயந்துதான் போனாள். வாங்க மாமா என்றாள். நேற்றுப் போய்விட்டு வந்தேன். விருதுநகரிலிருந்து மல்லாங்கிணறு தாண்டி உள்ளே போகிற மினி பஸ்ஸில் அவளோடு நீ ஒரு தரமாவது போயிருக்கிறாயா? நின்றுகொண்டே போனேன். இந்த வயதில் எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. அவள் தினம் போகிறாள்.

பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் இருக்கிறது. நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். ஆனால் பூட்டிக் கிடக்கிறது. போர்வெல் மோட்டார் கருகி எட்டு மாதமாகிறது, மேலே தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. எழுதிப் போட்டிருக்கிறார்களாம், பதில் வரவில்லையாம். மாரீஸ்வரியும் இன்னொரு டீச்சரும் காலையிலிருந்து சாயங்காலம்வரை தொண்டையை நனைப்பதோடு சரி. தலைவலி வராமல் என்ன செய்யும்? ஏன் அவனிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவருக்கு மில்லிலேயே வேலை சரியாக இருக்கிறது, இதைப் போய் எப்படி மாமா சொல்வது என்றாள். காளிராஜ், நீ மில்லில் மோட்டார் காயில் கட்டுகிறவன். விருதுநகரில் பாதி மில்லுக்கு மோட்டார் நின்றுபோனால் உன்னைத்தான் தேடுகிறார்கள். உன் பெண்டாட்டி ஒரு கருகின மோட்டாரால் தாகத்தோடு வீட்டுக்கு வருகிறாள், அது உனக்குத் தெரியாது. உன்னைக் குற்றம் சொல்லவில்லை. அந்தத் தகுதி எனக்கு இல்லை என்று இவ்வளவு நேரமாக எழுதியிருக்கிறேன். ஏன் களைப்பாக இருக்கிறாய் என்று நீ அவளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். உன் பள்ளிக்கூடத்தில் என்ன இல்லை என்று ஒரு தரம் கேட்டுப் பார். இரண்டுக்கும் வேறு வேறு பதில் வரும்.

வேலையை விடச் சொல்ல மட்டும் என்னைக் கேட்காதே. அவள் பாடம் நடத்துவதை நான் கதவோரம் நின்று பார்த்தேன். நம்ம வீட்டுக்கு வரும்போதெல்லாம் அடக்கமாகத் தட்டு எடுத்து வைக்கிற பெண் அங்கே இல்லை. பின்னக் கணக்குக்கு ஒரு பூசணிக்காயைக் கொண்டுபோய் வெட்டி வைத்துக்கொண்டு, அதில் கால்வாசியை நரி தூக்கிப் போகிற மாதிரி நடித்துக் காட்டினாள். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படிச் சிரிக்க வைக்கிற ஒருத்தியை வீட்டில் உட்கார வைத்து நீ என்ன செய்யப்போகிறாய்? மோட்டாரைப் பற்றி ஹெட்மாஸ்டரிடம் பேசினேன். ஆள் கிடைத்தால் கழற்றிக்கொள்ளலாம், அனுமதி எழுதிக் கொடுக்கிறேன் என்றார்.

மணி அடித்ததும் மூன்றாம் வகுப்புப் பெண் ஒன்று, ரெட்டைச் சடை, ஒரு பக்கம் ரிப்பன் இல்லை, என் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்றது.

"நீங்க யாரு?"

"உங்க டீச்சரோட மாமனாரு."

"மோட்டர் சரி பண்ண வந்திருக்கீகளா?"

எனக்கு அது தெரியாது, என் மகனுக்குத்தான் தெரியும், அவன் வருவான் என்று சொன்னேன். என்றைக்கு என்று கேட்டது. விடுகிற மாதிரி இல்லை. சனிக்கிழமை என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை லீவாச்சே என்று யோசித்தது. பிறகு, "லீவுன்னாலும் நாங்க எல்லாரும் வந்து பாப்போம்" என்று சொல்லிவிட்டு மற்ற பிள்ளைகளிடம் சொல்ல ஓடிப்போய்விட்டது.

மினி பஸ் காலை எட்டேகாலுக்கு. மாரீஸ்வரியையும் கூட்டிக்கொண்டு போ.

உன் அப்பா